நேராக ஓடுகிறவள்

எனக்குக் கண் தெரியவில்லை என்று என் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். தினமும் வண்டி நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு நெரிசலில் பேருந்து ஓட்டுகிறவளைப் பற்றி! டிப்போ கேன்டீன்காரர்கூட டீயை என் மூக்குக்கு நேராக நீட்டி, "இங்க இருக்கும்மா, பாத்து வாங்கு" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு டீயை வாங்கினேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

எங்கள் டிப்போவுக்குப் பெண்கள் ஹாக்கி அணி ஒன்று உண்டு. ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருக்கும் அண்ணன்தான் கோச். எந்த வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கும் என் அண்ணிதான் கேப்டன். காலில் தலையணை அளவுக்குப் பேடும் தலையில் ஹெல்மெட்டுமாகக் கோலில் நிற்பவள் நான். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர். கீழ் வீட்டில் அவர்கள், மாடியில் நான். ஆட்டத்தில் தோற்றால் அன்றைக்குக் கீழே குழம்பு கொதிக்கும் சத்தம்கூடக் கோபமாகத்தான் கேட்கும்.

அந்த வருஷம் நான் வாங்கிய கோல்கள் எல்லாம் ஒரே ஜாதகத்தில் பிறந்தவை. எல்லாம் பெனால்டி கார்னர். கோல்கீப்பருக்கென்று தனியாக வைத்த சூனியம் அது. எதிரணிக்காரி ஒருத்தி கோல் கோட்டின் ஓரத்திலிருந்து பந்தைத் தள்ளிவிடுவாள். அரைவட்டத்துக்கு வெளியே இன்னொருத்தி அதை நிறுத்துவாள். மூன்றாமவள் வந்து ஸ்டிக்கோடு சேர்த்து இழுத்து வீசுவாள். எங்கள் பக்கம் என்னோடு சேர்த்து ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் நிற்போம். பந்து நகர்ந்ததும் எங்களில் ஒருத்தி வீசப்போகிறவளை நோக்கிப் பாய வேண்டும். அந்த முதல் ஓட்டம் அண்ணியுடையது.

அண்ணி நேராக ஓடுவாள். அதுதான் தகராறு. முதலில் ஓடுகிறவள் கோல்கீப்பரின் இடது கையோரமாக, கொஞ்சம் விலகி ஓட வேண்டும். அந்தப் பக்கம் வருவதை அவள் மறிக்கலாம், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். என் அண்ணியோ எனக்கும் வீசுகிறவளுக்கும் நடுவில் கோடு கிழித்தாற்போல நட்டநடுவில் ஓடுவாள். எனக்குத் தெரிவதெல்லாம் அவள் முதுகும் அதில் எழுதியிருக்கும் எண்ணும்தான். அந்த எண்ணைக் கனவில்கூடப் பார்த்துவிட்டேன்.

பார்வையாளர்களுக்கோ அவள் வீராங்கனை. பந்துக்கு நெஞ்சைக் கொடுத்துக்கொண்டு ஓடுகிறாளே என்று கைதட்டல். பந்து அவளைத் தாண்டி உள்ளே போனால், "பின்னாடி நிக்கறவ என்ன தூங்கறாளா?" என்று எனக்கு அர்ச்சனை.

"அண்ணி, கொஞ்சம் இடது பக்கம் ஓடுங்க. ஒரு அடி விலகினா போதும்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "சரி சரி" என்பாள். அடுத்த கார்னரில் மறுபடியும் அதே முதுகு.

அண்ணனிடம் போனேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒனக்கு ரிஃப்ளெக்ஸ் போச்சு. அதுக்கு என் பொண்டாட்டி முதுகு என்ன பண்ணும்?" என்றான்.

பிறகு எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்தான். அதில் பல்புகள் இருக்கும். எது எரிகிறதோ அதைத் தட்டி அணைக்க வேண்டும், உடனே இன்னொன்று எரியும். அதில் என்னையும், ஸ்பிரிங் என்று நாங்கள் கூப்பிடும் மாற்றுக் கோல்கீப்பரையும் மோதவிட்டான். ஸ்பிரிங் வண்டி கழுவும் பிரிவில் வேலை பார்ப்பவள், இருபத்திரண்டு வயது, உட்காரும்போதுகூடக் குதித்துத்தான் உட்காருவாள். பலகையில் அவள் கை பறந்தது. என் கை ஒவ்வொரு பல்புக்கும் கொஞ்சம் பிந்தித்தான் போனது.

"பாத்தியா?" என்றான் அண்ணன், எல்லார் முன்னாலும்.

"இந்த லைட்டுக்கு இடுப்பு எங்க இருக்கு? கால் எங்க இருக்கு? எதப் பாத்து நான் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டேன். எல்லாரும் அதையும் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

ஜோக் இல்லை. நல்ல வீச்சுக்காரியின் பந்து ஸ்டிக்கை விட்டுக் கிளம்பிய பிறகு, கண் பார்த்து, மூளை சொல்லி, கை போய்ச் சேர்வதற்குள் பந்து வலைக்குள் படுத்துத் தூங்கிவிடும். அதனால் கிளம்புவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். முன்னங்காலை எங்கே ஊன்றுகிறாள், பந்து அந்தக் காலுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, இடுப்பு எப்போது திறக்கிறது, எந்தத் தோள் தாழ்கிறது. முகத்தைப் பார்க்கவே கூடாது, முகம் பொய் சொல்லும். சாலை ஓரத்தில் நிற்கிறவன் பேருந்துக்குக் குறுக்கே பாயப்போகிறானா என்பதை நான் அவன் முகத்தை வைத்தா கண்டுபிடிக்கிறேன்? குதிகால் தூக்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். கால் பிரேக்குக்குப் போய்விடும், அப்புறம்தான் அவன் பாய்வான். வண்டியில் இருக்கிறவர்கள் ஏன் பிரேக் போட்டாய் என்று என்னைத் திட்டுவார்கள். ரிஃப்ளெக்ஸ் என்பது கடைசிக் கைகாவல். பந்து யார் ஸ்டிக்கிலாவது பட்டுத் திரும்பினால் அதுதான் காப்பாற்றும். அதை மட்டும் நம்பி நிற்கிறவள் எல்லாக் கோலையும் அழகாகப் பாய்ந்து பாய்ந்து வாங்குவாள்.

இவ்வளவையும் பார்க்க எனக்கு ஒரு ஜன்னல் வேண்டும். அந்த ஜன்னலில் என் அண்ணி திரை போட்டுக்கொண்டிருந்தாள்.

டிப்போக்களுக்கிடையிலான போட்டியின் அரையிறுதிக்கு முந்தின நாள் அண்ணன் மாடிக்கு வந்தான். உட்காரவில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டே, "நாளைக்கு ஒரு கார்னர்ல கோல் விட்டியோ, ஃபைனல்ல ஸ்பிரிங்தான் நிப்பா. அதுக்கப்புறமும் அவதான். சொல்லிட்டேன்" என்றான்.

"அண்ணிகிட்ட சொன்னியா, விலகி ஓடச் சொல்லி?"

"அவ ஓட்டத்தப் பத்திப் பேசாத. ஒன் கண்ணப் பாரு."

பதிமூன்று வயதிலிருந்து அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நிற்கிறேன். வண்டி, வீடு, அவன் அதிகாரம் எல்லாவற்றுக்கும் வெளியே எனக்கென்று இருக்கும் ஒரே இடம் அதுதான். அதைக் கதவைப் பிடித்துக்கொண்டு பிடுங்கப் பார்க்கிறான். அன்று ராத்திரி சாதம் இறங்கவில்லை என்று சொன்னால் பொய். கோபத்தில் இரண்டு மடங்கு தின்றேன்.

அரையிறுதியில் ஒரு கோல் முன்னணியில் இருந்தோம். முடியப் போகிற நேரத்தில் எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. அவர்களின் வீச்சுக்காரி நெட்டையானவள், கோலின் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி வீசுவாள். நாங்கள் கோட்டுக்குப் பின்னால் நின்றோம்.

"அண்ணி, இடது பக்கம். உங்க கால்ல விழறேன், இடது பக்கம்" என்றேன்.

கார்னருக்கென்று மாட்டிய முகமூடிக்குள் அவள் மூச்சு புஸ்புஸ்ஸென்று கேட்டது. பந்து நகர்ந்தது. அவள் பாய்ந்தாள், நேராக.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முதுகை அப்படியே முறைத்தேன். வேறு எதுவும் தெரியாதபோது அதையாவது பார்ப்போம் என்று பார்த்தேன். அப்போது அது நடந்தது. அவளுடைய வலது தோள் காதுவரை ஏறியது. தலை வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் முடிந்திருக்கும். வலது பக்கம் விழுந்தேன். கையுறையில் பந்து அறைந்த பிறகுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். அது கம்பத்துக்கு வெளியே போனது.

ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. எல்லாரும் ஓடிவந்தார்கள். என்னிடம் இல்லை, அண்ணியிடம். "என்ன ஓட்டம், என்ன ஓட்டம்!" என்று அவள் முதுகில் தட்டினார்கள். நான் எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன், நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான். முகமூடியை அவள் இன்னும் கழற்றவில்லை. அதன் உள்ளே கண்கள் இறுக்க மூடியிருந்தன.

"பந்து எங்க?" என்று கேட்டாள். "பந்து எங்க போச்சு?"

மறுநாள் காலை வண்டிச் சாவி வாங்கக் கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். அண்ணி தடப் பலகையில் வண்டி எண் எழுதிய வில்லைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன்.

"கண்ண மூடிக்கிட்டு ஓடுறீங்க."

வில்லையை மாட்டிய கை அப்படியே நின்றது.

"வீசறவ ஸ்டிக்க இழுக்கறவரைக்கும் பாக்கறீங்க. அப்புறம் மூஞ்சியத் திருப்பிக் கண்ண மூடிக்கறீங்க. அதான் நேரா ஓடுறீங்க. கண்ண மூடிக்கிட்டு வளைஞ்சு ஓட முடியாதே."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தாடையைத் தடவிக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்னரில் பந்து அவள் தாடையில் அடித்தது. அப்போது முகமூடி போடும் வழக்கம் எங்கள் அணியில் இல்லை. பல்லோடு பல்லைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். வாரக்கணக்காகக் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தாள். ஆறியதும் திரும்பி வந்தாள், திரும்பி வந்ததும் முதல் ஓட்டத்தை அவளுக்கே கொடுத்தான் அண்ணன். என்ன தைரியம் என்று எல்லாரும் வியந்தோம். நானும்தான்.

"ஒவ்வொரு தடவையும் இந்த தடவை கண்ணத் தொறந்து வச்சிக்கணும்னுதான் நெனக்கிறேன்" என்றாள். "அவ ஸ்டிக்க இழுக்கற சத்தம் கேட்டதும் தானா மூடிக்குது. என் கையில இல்ல."

"என்னைக் குருடின்னு ஊரே சொல்லுதே, அப்ப உங்க வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"வாயத் தொறந்தா என்னைத் தூக்கிடுவாங்க. வீட்டுக்கும் இந்த ரூமுக்கும் நடுவுல எனக்குன்னு என்ன இருக்கு, சொல்லு? ஆட்டம் ஒண்ணுதான்."

இதே பேச்சைத்தான் நானும் எனக்குள் பேசிக்கொண்டிருந்தேன். அது என் கோபத்தைக் குறைக்கவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் செய்தது.

"அண்ணன்கிட்ட சொல்லி வேற எடத்துல நிக்கலாம்ல? கம்பத்தோரம் நில்லுங்க. யாரு வேணாம்னா?"

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அவருக்குத் தெரியும். திரும்பி வந்த மொத நாளே சொன்னேன். பயமா இருக்கு, கண்ணு மூடிக்குதுன்னு."

"என்ன சொன்னான்?"

"'மூடிக்கிட்டாவது ஓடு. நேரா ஓடினா பந்து ஒன்மேல பட்டு நின்னுடும். கோலு வராது, அது போதும்'னாரு."

இரண்டு வருஷம். யார் கண் மூடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டே, என் கண்ணில் கோளாறு என்று டிப்போ முழுக்கப் பரப்பியிருக்கிறான். பெண்டாட்டியைச் சுவராக நிற்க வைத்துவிட்டு, சுவருக்குப் பின்னால் நின்ற தங்கையைக் குருடியாக்கிவிட்டான். என் கூடப் பிறந்தவன். ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

"நீ எதுவும் கேக்காத" என்றாள் அண்ணி. "ஃபைனல் முடியட்டும்."

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்று என் வண்டியில் ஏறியவர்கள் பாவம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவை அடித்துச் சாத்தினேன்.

கேக்காதே என்றால் கேட்காமல் இருக்கிற ஜாதியா நான்? ஃபைனல் அன்று உடை மாற்றும் அறைக்கு வெளியே அண்ணனைப் பிடித்தேன். நான் பேடு கட்டித் தயாராக இருந்தேன். அரையிறுதியில் கோல் விடாததால் அவன் சொன்ன சொல்படி இடம் எனக்குத்தான்.

"அண்ணி இன்னிக்கு ஓடக் கூடாது" என்றேன். "கம்பத்தோரம் நிக்கட்டும். வேற யாராவது ஓடட்டும்."

"அத முடிவு பண்ண நீ யாரு?"

"கண்ண மூடிக்கிட்டு ஓடறான்னு ஒனக்குத் தெரியும். மறுபடி தாடையில பட்டா? கண்ணுல பட்டா?"

அவன் முகம் ஒரு விநாடி சுருங்கியது. பிறகு பழைய முகம் வந்துவிட்டது. "மாஸ்க் போட்டிருக்கால்ல. ஃபைனல் நேரத்துல வந்து நாடகம் போடாத. போய் நில்லு."

"அவ ஓடினா நான் நிக்கமாட்டேன்."

"நிக்கமாட்டியா?"

"நிக்கமாட்டேன்."

"அப்போ உக்காரு" என்றான். உள்ளே திரும்பிக் கத்தினான்: "ஸ்பிரிங்! பேடு கட்டு!"

எந்த இடத்துக்காக அத்தனை நாள் வயிறு எரிந்தேனோ, அதை நானே கழற்றிக் கொடுத்தேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கியது. ஸ்பிரிங் நன்றாகத்தான் நின்றாள், அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆட்டத்துக்கு நடுவில் அண்ணி அடிக்கடி பெஞ்சுப் பக்கம் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. யார்மீது கோபம் என்று ஒழுங்காகத் தெரிந்த ஆள் அங்கே அண்ணன் ஒருத்தன்தான்.

இடைவேளைக்குப் பிறகு கோல் ஏதும் இல்லாத நிலையில் எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. ஐந்து பேரும் கோட்டுக்குப் பின்னால் போனார்கள். அண்ணி முகமூடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அண்ணன் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு, வாயருகே கைகளைக் குவித்து, "நேரா! நேரா ஓடு!" என்று கத்தினான்.

பந்து நகர்ந்தது. அண்ணி நகரவில்லை.

கோட்டின் மேலேயே நின்றாள். நிறுத்தினார்கள், இழுத்தார்கள், வீசினார்கள். முதல் முறையாக முன்னால் யாரும் இல்லாத கோலில் ஸ்பிரிங் திகைத்துப்போய்த் தவறான பக்கம் விழுந்தாள். பந்து அண்ணியின் தலைக்கு மேலாக வலைக்குள் போனது. நான் பந்தைப் பார்க்கவில்லை, அண்ணியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து கிளம்பிய இடத்திலிருந்து வலைவரை அந்தத் தலை அதோடு கூடவே திரும்பியது. கண் மூடியவளின் தலை அப்படித் திரும்பாது.

எதிரணி குதித்தது. அண்ணன் அங்கே கிடந்த ஸ்டிக்கை எடுத்துத் தரையில் அடித்தான். நேராக என்னிடம் வந்தான்.

"ஒன்னாலதான்! என்ன சொல்லி அவளக் கெடுத்த?"

"ஒண்ணும் சொல்லல."

"எழுந்திரு. போய் நில்லு. அந்தப் பொண்ணு நடுங்கிக்கிட்டிருக்கா. போ!"

"அண்ணி ஓடமாட்டான்னு சொல்லு. போறேன்."

"சரி, ஓட வேண்டாம். போ."

"எனக்குக் காதும் கேக்கல போல இருக்கு" என்றேன். "ஓடுன்னு கத்துனல்ல, அதே மாதிரி கத்து. அவளுக்குக் கேக்கட்டும். எல்லாருக்கும் கேக்கட்டும்."

பெஞ்சில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கோல் பின்தங்கி இருக்கிறான், கோல்கீப்பர் வேண்டும், அவ்வளவுதான். பெண்டாட்டிக்காக இல்லை, தங்கைக்காகவும் இல்லை. ஆட்டத்துக்காகத்தான் சொன்னான், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஓட வேண்டாம்!" என்று மைதானத்தைப் பார்த்துக் கத்தினான். "நீ ஓட வேண்டாம்! கம்பத்துகிட்ட நில்லு!"

அண்ணி கோலிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல் வந்தாள். எல்லைக்கோட்டருகே வந்து முகமூடியைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை. அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"பந்து வர்றதப் பாத்தேன்" என்றாள். "ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன். எவ்ளோ வேகமா வருது தெரியுமாங்க?"

நடுவர் சீக்கிரம் என்று சைகை காட்டினார்.

அண்ணி முகமூடியை அவன் கையில் திணித்தாள். "அடுத்த கார்னருக்கு நீங்க ஓடுங்க. நேரா ஓடுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ வாடி" என்றாள்.

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவளோடு இறங்கினேன்.